வத்தல், வடகம், மாவடு: செட்டிநாட்டில் தோட்டத்துப் பண்டத்தை முறையாக விற்க நினைப்பவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தை வத்தலாகவோ ஊறுகாயாகவோ போட்டு விற்கலாம் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இது. பக்குவம் சொல்லித்தர இங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எந்த வளவு வீட்டில் நுழைந்து எந்த ஆச்சியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். எந்த மாதம் எந்த வேலை, எந்தக் காகிதம், என்ன செலவு, எங்கே சிக்கும் என்பதைத்தான் யாரும் கோவையாகச் சொல்வதில்லை. நான் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் காகித வேலை, வெயில் காலத்தில் பண்ட வேலை. நம் ஊரில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சித்திரையில் வத்தலைப் போட்டு மூட்டை கட்டிவிட்டு, ஆடியில் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அலைகிறார்கள். பதிவு எண் கைக்கு வந்து, லேபிள் அச்சடித்து, கடைக்காரரிடம் போகும்போது ஐப்பசி அடைமழை பிடித்துவிடுகிறது. சரக்கு நமத்துப்போகிறது. ஆகவே இந்தத் தொழிலுக்கு வருடம் பிறப்பது சித்திரையில் அல்ல, ஐப்பசியில்.

1. எதற்குப் பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம்

விளைந்ததை விளைந்தபடியே விற்கும் விவசாயியை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடுவதில்லை. கத்தரிக்காய், கொத்தவரங்காய், பச்சை நிலக்கடலை, நுங்கு, பனங்கிழங்கு இவற்றைத் தோட்டத்திலிருந்தே விற்க அந்தச் சட்டப்படியான பதிவு தேவையில்லை. உழவர் சந்தையில் உட்கார வேண்டுமானால் மட்டும் தனி அடையாள அட்டை வேண்டும். அதற்கு சிட்டா, அடங்கல், ஆதார், புகைப்படம் கொண்டுபோனால், அலுவலர் நிலத்தைப் பார்த்துவிட்டு அட்டை தருவார். அங்கே காய்கறி, பழம்தான். வத்தல் பாக்கெட்டை ஓரத்தில் வைத்து விற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அதே கொத்தவரங்காயை உப்பு நீரில் வேகவைத்துக் காயவைத்து உறையில் போட்ட நிமிடத்திலிருந்து நீங்கள் உணவு உற்பத்தியாளர். 'வீட்டில்தானே போடுகிறோம்' என்பது பதில் ஆகாது. தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றாலும் விற்பனை விற்பனைதான்.

புதிதாக வருபவர்கள் இரண்டு சரக்கை முதல் வருடம் தொடாமல் இருப்பது நல்லது. ஒன்று உப்புக்கண்டம். நம் ஊர்ப் பண்டம்தான், கிராக்கியும் உண்டு. ஆனால் இறைச்சிக்கான விதிகளே வேறு, சிறு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. இரண்டாவது, செக்கில் ஆட்டிய எண்ணெயைக் குடத்திலிருந்து சில்லறையாக அளந்து ஊற்றுவது. சமையல் எண்ணெயைப் பொதியாமல் விற்கச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஊரெல்லாம் ஊற்றுகிறார்களே என்று கேட்பீர்கள். ஊற்றுகிறார்கள்தான், மாட்டும்போது ஊர் கூட வராது.

2. முகவரிச் சான்று: செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல்

வேறு ஊர்க்காரர்களுக்கு ஒரு வரியில் முடிகிற வேலை இது. நமக்குத்தான் இங்கே சட்டை கிழியும்.

பண்டம் போடும் இடத்துக்குச் சான்றாக மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, வாடகை ஒப்பந்தம் இவற்றில் ஒன்றைக் கேட்பார்கள். நம் பெரிய வீடுகளில் மின் இணைப்பு பாட்டையா பெயரில் இருக்கும். வரி ரசீது அவருடைய அண்ணன் பெயரில் இருக்கும். வீடோ பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்குப் பொது. பங்காளிகள் சென்னையில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். இரண்டாம் கட்டில் அடுப்பு மூட்டி ஊறுகாய் போடப்போகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டால், பத்து வருடமாக வீட்டை எட்டிப் பார்க்காதவருக்கும் அன்றைக்குத்தான் உரிமை நினைவுக்கு வரும்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

தோட்டத்தில் உங்கள் பெயரிலேயே ஓர் ஓட்டு வீடோ கொட்டகையோ இருந்தால் அதையே உற்பத்தி இடமாகக் காட்டுங்கள். வரி ரசீது உங்கள் பெயரில் இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் பம்பு செட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் மிக்ஸியும் அரவை இயந்திரமும் ஓட்டாதீர்கள். அது விவசாயத்துக்கு மட்டுமான இணைப்பு. சோதனையில் பிடிபட்டால் அபராதம் வத்தல் விற்ற காசையெல்லாம் விழுங்கிவிடும். கொட்டகைக்குத் தனி இணைப்பு வாங்குங்கள்.

அது இல்லையென்றால், ரசீதில் பெயர் உள்ளவர் உயிரோடு இருக்கும் பட்சத்தில் அவரிடம் ஓர் இசைவுக் கடிதம் வாங்குங்கள். 'இன்ன கதவு எண் வீட்டின் இன்ன பகுதியில் இன்னார் உணவுப் பொருள் தயாரிக்க எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று இரண்டு வரி, கையெழுத்து, ஆதார் நகல். பங்காளிகள் எல்லாரும் பிள்ளையார் நோன்புக்கோ செவ்வாய்ப் பொங்கலுக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ ஊருக்கு வரும் நாளில் நேரில் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் கேட்டால் வருடம் ஓடிவிடும்.

கடைசி வழி, பக்கத்தில் ஒற்றை உரிமையாளர் இருக்கும் சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒப்பந்தம் எழுதுவது. செலவுதான், ஆனால் தலைவலி இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செட்டிநாடு ஒரே மாவட்டம் அல்ல. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கண்டனூர் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கோனாபட்டு, அரிமளம் புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடியில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பும் பையன் பழக்கத்தில் சிவகங்கையைத் தட்டிவிடுவான். விண்ணப்பம் சம்பந்தமில்லாத அலுவலர் மேசைக்குப் போய் அங்கேயே குடியிருக்கும். மாவட்டம், வட்டாரம் இரண்டையும் நீங்களே ஒருமுறை திரையில் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

3. ஐப்பசி, கார்த்திகை: காகிதங்கள்

முதலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் பதிவு. 'ஃபாஸ்காஸ்' (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில் நீங்களே போடலாம். சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவு இது; நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை வரம்பு 12 லட்சம் ரூபாய். கட்டணம் அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய். ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சேர்த்துக் கட்டலாம் என்றிருந்தது. இந்த வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை. கட்டும் முன் தளத்தில் பாருங்கள். புகைப்படம், ஆதார், மேலே சொன்ன முகவரிச் சான்று, பண்டங்களின் பட்டியல் போதும். இதே வேலைக்கு இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

விதிப்படி ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது இடத்தைப் பார்க்க வருவதாகத் தெரிவிக்க வேண்டும். பார்க்க வந்தால் பயப்படத் தேவையில்லை. சுவரில் வெள்ளை அடித்திருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆட்டுக்கொட்டில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். கிணற்று நீரையோ ஆழ்துளை நீரையோ பயன்படுத்தினால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு சோதனை அறிக்கை வாங்கி வைத்திருங்கள். கட்டாயமோ இல்லையோ, உப்புத் தண்ணீரில் ஊறுகாய் என்னவாகும் என்று உங்களுக்கும் தெரிய வேண்டுமே.

இங்கே இரண்டு கண்ணிகள். தொழில் வகையைக் கேட்கும் இடத்தில் 'சில்லறை வியாபாரி' என்று போடுவது சுலபம் என்று போட்டுவிடுவார்கள்; நீங்கள் போட வேண்டியது 'உற்பத்தியாளர்'. தவறினால் உறையில் 'தயாரிப்பு' என்று உங்கள் பெயரைப் போடும் தகுதி உங்களுக்கு இல்லை. அடுத்து, பண்ட வகை. வத்தல், வடகம், ஊறுகாய், பொடி எல்லாம் வேறு வேறு வகைகள். இந்த வருடம் மாவடு மட்டும்தான் என்றாலும், அடுத்து போடக்கூடியதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்க்கத் தனியாகத் திருத்த விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

விண்ணப்பித்த பிறகு வாரம் ஒரு முறையாவது தளத்தில் நுழைந்து பாருங்கள். ஏதாவது விளக்கம் கேட்டிருப்பார்கள். குறுஞ்செய்தி வந்தும் வராமலும் போகும். கெடு தாண்டினால் விண்ணப்பம் தள்ளுபடி, கட்டிய பணமும் திரும்பாது.

அடுத்தது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் போதும். அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. தேடும்போது மேலே வந்து நிற்கும் முதல் இரண்டு மூன்று தளங்கள் பணம் பிடுங்குபவை, ஜாக்கிரதை. ஆதாரில் 'மெய்யப்பன்' என்பதற்கு ஒரு எழுத்துக்கூட்டலும் பானில் வேறொன்றும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்; இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதிலேயே நம் ஆட்களுக்குப் பாதி விண்ணப்பம் திரும்புகிறது.

மூன்றாவது, எல்லாரும் மறப்பது. பொருளை முன்கூட்டியே எடைபோட்டுப் பொட்டலம் கட்டி விற்பவர், தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவுச் சட்டப்படி பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். நம் மாநிலத்தில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுவதும் அதே துறைதான். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. முத்திரை போடக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மழை விட்டதும் இ-சேவை மையத்தில் சிறு, குறு விவசாயி சான்றுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர்களுக்கு இது கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய கூடார உலர்த்திக்கு மானியம் தருகிறது. சிறு விவசாயிக்கு விகிதம் கூடுதல். ஆனால் முதல் வருடமே உலர்த்தி கட்டாதீர்கள். முற்றமும் மொட்டை மாடியும் எதற்கு இருக்கின்றன?

4. தை முதல் பங்குனி வரை: சேகரம்

தை அறுப்பு முடிந்ததும் கை ஓயும். வேலியோரம் மழையில் படர்ந்த கொடிகளில் வத்தலுக்கு ஆகும் மிதுக்கங்காய் கிடைக்கும், விட்டால் கிடைக்காது. பொங்கலோடு பனங்கிழங்கு. சம்பா அரிசியை விற்கப் போகிறவர்கள் புதுவயல் ஆலைகளை நம்பிப் போக வேண்டாம்; அவை பெரிய லோடுக்கானவை, உங்கள் நான்கு மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு வேறு நெல்லோடு கலந்து தந்துவிடலாம். சிறு அரவை மில்லாகத் தேடுங்கள்.

மாசியில் புளி. பாதையோரப் புளியமரங்களில் கை வைக்காதீர்கள். அவை ஏலத்தில் குத்தகைக்குப் போனவை. சொந்த மரத்துப் புளியை ஓடு தட்டி, கோது நீக்கி, கொட்டை எடுத்து, ஒரு வெயில் காட்டி, கல் உப்புத் தூவி மண் பானையில் அழுத்துங்கள். கொட்டை எடுக்கும் கூலியை முன்பே கிலோ கணக்கில் பேசிவிட வேண்டும். நாள் கூலிக்குப் பேசினால் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே பொழுது போய்விடும்.

மாசிக் கடைசியில் மாவடு. நம் மரத்தில் போதாவிட்டால் நத்தம் பக்கத்திலிருந்து வரும். காற்றில் உதிர்ந்ததை வாங்காதீர்கள். அடிபட்ட இடத்தில் உள்ளே கறுத்திருக்கும், ஜாடியில் ஒன்று அழுகினால் மொத்தமும் போகும். காம்போடு பறித்தது, விரல் நுனியளவு காம்பு நிற்கிற மாதிரிக் கேளுங்கள். வந்த அன்றைக்கே கழுவித் துடைத்து விளக்கெண்ணெய் பிசிறி உப்பில் போட்டுவிட வேண்டும். இரவு தங்கினால் தோல் வாடிவிடும்.

5. சித்திரை, வைகாசி: வெயில்

வருடத்தின் உயிரான வேலை இது. மே மாத முதல் வாரத்தில் கத்திரி தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள்தான் வத்தலுக்கு மேலான நாட்கள். கத்திரியில் வெயில் கூடுதலாக இருந்தாலும், சாயங்காலம் திடீரென்று இடி மழை இறங்கிவிடும். மூன்று நாள் காய்ந்தது அரை மணியில் பாழாகும். ஆகவே பங்குனி கடைசியிலேயே தொடங்குங்கள்.

நிலக்கடலை, மிளகாய் இரண்டையும் வெறும் தரையிலோ தார் ரோட்டிலோ காயப்போடாதீர்கள். ஈரம் தங்கிய கடலையிலும் மிளகாயிலும் பிடிக்கும் பூஞ்சை, அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கழுவினாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. தார்ப்பாயைவிடப் பழைய வேட்டி மேல்; அடியில் வியர்க்காது. மேலே கொசுவலை. காக்கைக்குக் கறுப்புத் துணி கட்டினால் போதும், இப்போது மயிலும் குரங்கும் வந்துவிட்டன. வலையை நான்கு பக்கமும் கல் வைத்து அழுத்தாவிட்டால் குரங்கு அதைச் சுருட்டிக்கொண்டே போய்விடும்.

காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதில்தான் சரக்கு நிற்பதும் விழுவதும். கொத்தவரங்காயை ஒடித்தால் வளையாமல் சட்டென்று முறிய வேண்டும். மோர் மிளகாயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும், அதோடு விட்டுவிடாதீர்கள். காம்பைப் பிய்த்து, காம்பு சேரும் இடத்தின் உள்சதையை நகத்தால் அழுத்துங்கள். தோல் மொரமொரவென்று இருந்தாலும் அந்த இடம் கொஞ்சம் இணங்கும். இணங்கினால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். மாவத்தலில் தோலோரம் சீக்கிரம் காயும். நடுச்சதையைத்தான் பார்க்க வேண்டும்.

காய்ந்ததை வெயில் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. உள்ளே வியர்த்து, இரண்டே வாரத்தில் வெள்ளை படியும். நிழலில் பரப்பி ஆறவைத்து, பனி இறங்கும் முன் அன்று மாலையே அடைத்துவிடுங்கள். கல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதை வெறும் சட்டியில் வறுத்துப் போட்டால் வத்தல் மழைக் காலத்தைத் தாங்கும்.

6. விலை வைப்பது

தோட்டத்தில் விளைந்ததுதானே என்று காயை இலவசமாகக் கணக்கிடுகிறவர் இரண்டு வருடத்தில் கடையை மூடுவார். சந்தையில் விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுதான் காயின் அடக்கம்.

ஒரு மாதிரிக் கணக்கு. பத்து கிலோ கொத்தவரங்காய், கிலோ 40 ரூபாய் என்றால் 400. உப்பு, மஞ்சள், விறகு 60. நறுக்கி, வேகவைத்து, காயப்போட்டு எடுக்கும் கூலி 250. தேறுவது ஒன்றரை கிலோ வத்தல். 100 கிராம் வீதம் 15 பாக்கெட், உறையும் லேபிளும் தலா 6 ரூபாய் என்று 90. மொத்தம் 800. ஆக ஒரு பாக்கெட்டின் அடக்கமே 53 ரூபாய். கடைக்காரர் பங்கு, உடைந்தது, நமத்தது எல்லாம் சேர்த்தால் 80 ரூபாய்க்குக் குறைத்து விற்கக் கூடாது. கேட்பவர் 'வத்தலுக்கா இந்த விலை?' என்பார். பத்து கிலோ காய் எப்படி ஒன்றரை கிலோ ஆனது என்று சொல்லுங்கள்.

உங்கள் கூலியையும் எழுதுங்கள். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் 'லாபம்' என்று சொல்லிக்கொள்வது நம் ஊரில் மிகப் பழைய மோசடி.

7. உறையும் லேபிளும்

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் (அதிகமாக உள்ளது முதலில்), நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை (எல்லா வரிகளும் உட்பட), கிராமுக்கு என்ன விலை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி எண், உங்கள் பெயர், முழு முகவரி, புகாருக்கான தொடர்பு எண், பதினான்கு இலக்கப் பதிவு எண், சைவத்துக்கான அடையாளமாகப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். மோர் போன்ற ஒவ்வாமைப் பொருள் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

தேதியையும் விலையையும் லேபிளோடு சேர்த்து அச்சடிக்காதீர்கள். அவற்றுக்கு இடம் விட்டுக் கை முத்திரையால் குத்துங்கள். இல்லையென்றால் விலை மாறும் ஒவ்வொரு முறையும் ஆயிரம் லேபிள் குப்பைக்குப் போகும். முதல் அச்சை 500-க்கு மேல் அடிக்காதீர்கள். அலுவலர் ஒருவர் ஏதாவது ஒரு வரியைக் கட்டாயம் மாற்றச் சொல்வார்.

சான்று இல்லாமல் 'ஆர்கானிக்' என்று போடாதீர்கள். நீங்கள் உண்மையிலேயே உரம் போடாமல் விளைவித்திருந்தாலும் சான்றைத்தான் கேட்பார்கள். கவுனி அரிசி உறையில் 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று எழுதுவது அதைவிடப் பெரிய வில்லங்கம். செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பதையும் நிறுத்திவிடுங்கள்; அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் அதற்கும் தடை இருக்கிறது.

8. எங்கே, எப்போது விற்பது

நம் சரக்குக்குச் சிறந்த வாடிக்கையாளர் ஊரை விட்டுப் போனவர்தான். அவர் கார்த்திகைக் கடைசி, மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கும், தையில் நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கும், கல்யாணங்களுக்கும் வருவார். திரும்பும்போது பெட்டியில் இடம் விட்டு வைத்திருப்பார். கோடையில் போட்ட வத்தல் அந்த நாட்கள் வரை மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். அதனால் மொத்தத்தையும் வைகாசியிலேயே சிறு பாக்கெட்டில் அடைத்துவிடாதீர்கள். பெரிய, இறுக்கமான தகர டின்களில் வைத்திருந்து, புரட்டாசி வெயிலில் ஒருமுறை காட்டி, கேட்பு வரும்போது பாக்கெட் போடுங்கள். தயாரித்த தேதியாகப் பொட்டலம் கட்டிய நாளைப் போட்டு ஏமாற்றாதீர்கள்.

பழைய வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகளுக்கு மார்கழி முதல் மாசி வரை ஆள் வரத்து. சமையற்காரரிடம் பேசுங்கள், மேலாளரிடம் அல்ல. கடைகளில் 'வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் தருகிறேன்' என்பார்கள். முதல் தடவை பத்துப் பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள். வைக்கும்போதே எண்ணிக்கையும் தேதியும் எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

கூரியரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்பி விற்கத் தொடங்கினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. தொகை எவ்வளவு சிறியதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை தேவையில்லை. ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் கூரியர் போடாதீர்கள். எண்ணெய் கசிந்து அடுத்தவர் பட்டுப்புடவையில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பயிற்சி வேண்டுமானால் குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். இயந்திரம் வாங்கக் கடன் தேடுகிறவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் குறு உணவுத் தொழில் திட்டம் பற்றி விசாரிக்கலாம். வங்கிக் கடனோடு சேர்ந்த 35 சதவீத மானியம், உச்சம் 10 லட்சம் என்ற கணக்கில் நடந்த திட்டம். இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுவிட்டு இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்குங்கள். முன்பணம் கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்கு மானியம் கிடைக்காது.

உணவுப் பதிவுக்கு முடியும் தேதி இருந்தால் அதைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தாமதமானால் கூடுதல் கட்டணம். புதுப்பிக்கும்போது இடையில் வீடோ தொலைபேசி எண்ணோ மாறியிருந்தால், அதற்கான திருத்தத்தை முதலில் முடித்துவிட்டுப் பிறகு புதுப்பியுங்கள்; இரண்டையும் ஒரே வாரத்தில் போட்டால் ஒன்று மற்றொன்றை நிறுத்திவைக்கும்.